தமிழ் வாசிக்க வீட்டிலேயே கற்றுக்கொடுப்பது எப்படி? 247 எழுத்தும் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்

'அ'வில் தொடங்கி 'ஃ' வரை தடங்கலின்றி ஒப்பிக்கும் குழந்தையிடம் 'பட்டம்' என்று எழுதிக் காட்டுங்கள். பல குழந்தைகள் "ப... இட்... ட... இம்" என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். நான்கு எழுத்தும் சரி. சொல் மட்டும் வரவில்லை.

இதற்குக் காரணம் குழந்தை அல்ல, நாம் சொல்லிக்கொடுக்கும் வரிசை. முதலில் உயிர் 12, பிறகு மெய் 18, அதன்பின் உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, எல்லாம் மனப்பாடமான பிறகுதான் சொற்கள் என்று வைத்துக்கொள்கிறோம். அந்த மாதங்களில் குழந்தை கற்பது ஒப்பிக்கும் வேலையை. வாசிப்பது வேறு வேலை. எழுத்தைப் பார்த்து ஒலியை எழுப்பி, ஒலிகளை இழுத்துச் சேர்த்து, தனக்குத் தெரிந்த சொல்லாக அடையாளம் காண்பதே வாசிப்பு. அதை மூன்று எழுத்து தெரிந்த அன்றே தொடங்கிவிடலாம். தொடங்கவும் வேண்டும்.

எந்த வயதில் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நாலரை முதல் ஐந்தரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தயாராகிவிடும். மூன்று வயதில் எழுத்து அட்டையோடு உட்கார வைப்பதால் பெரிய லாபம் இல்லை. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே 8 வயதுக்குள் அடிப்படை வாசிப்பு வர வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை எல்.கே.ஜி.யிலேயே வாசிக்கிறது என்பதற்காக அவசரப்பட வேண்டாம்.

எழுத்துக்கு முன்னால் காது

எழுத்தைக் காட்டுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ஒலி விளையாட்டு நடக்கட்டும். அதற்குப் பொருள் எதுவும் வேண்டாம். சமையல் வேலையின் நடுவிலோ பேருந்திலோ விளையாடலாம்.

முதலில் சொல்லைத் தட்டிப் பிரிப்பது. மா-டு இரண்டு தட்டு, க-ர-டி மூன்று தட்டு. மெய்யெழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது. ப-டம் இரண்டு, பட்-டம் இரண்டு. அடுத்தது முதல் ஒலி: "மா என்று தொடங்குகிற மாதிரி இந்த அறையில் என்ன இருக்கிறது?" மூன்றாவது ஒலியை நீக்குவது: "கரடியில் க-வை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?" 'ரடி' என்று சிரித்துக்கொண்டே சொல்லும் குழந்தை எழுத்துக்குத் தயார்.

குறில், நெடில் வேறுபாட்டையும் இப்போதே காதில் ஏற்றிவிடலாம். கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பது நம் இலக்கணம் தரும் அளவு. குறிலுக்கு ஒரு நொடிப்பு, நெடிலுக்கு இரண்டு. கல் - கால், பல் - பால், படம் - பாடம், தடி - தாடி, முட்டை - மூட்டை. நீங்கள் சொல்ல, குழந்தை விரலால் நொடிக்கட்டும். நொடிக்க வராவிட்டால் குறிலுக்குக் கைகளைச் சேர்த்தும் நெடிலுக்கு அகல விரித்தும் காட்டட்டும்.

கையில் என்ன வேண்டும்

தடித்த சார்ட் அட்டையை 10 செ.மீ.க்கு 7 செ.மீ. துண்டுகளாக வெட்டி ஒரு ஐம்பது வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மார்க்கர் ஒன்று. எழுத்தின் உயரம் 4 செ.மீ. இருக்கட்டும். அலங்காரம் வேண்டாம், பாடப்புத்தகத்தில் இருக்கும் வடிவத்தையே எழுதுங்கள். ஒரு சிலேட்டு. ஒரு தட்டில் பரப்பிய அரிசி அல்லது ரவை. விஜயதசமி அன்று அரிசியில் 'அ' எழுத வைத்ததோடு நிறுத்திவிடுகிறோம். ஆண்டு முழுவதற்கும் அது நல்ல கருவி, விரலால் எழுதி உடனே அழித்துவிடலாம்.

இன்னொன்றும் நன்றாகப் பயன்படும். புத்தகத்துக்கு அட்டை போடும் கண்ணாடித் தாளில் சில துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ா, ெ, ே, ை, மெய்ப்புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே சிவப்பு மார்க்கரால் எழுதுங்கள். 'ப' அட்டையின் மேல் 'ா' தாளை வைத்தால் 'பா'. தாளை எடுத்தால் மறுபடி 'ப'. எழுத்து அப்படியே இருக்கிறது, குறி மட்டும் வந்து போகிறது என்பதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. உகர வரிசைக்கு மட்டும் இந்த உத்தி உதவாது. காரணம் பின்னால் வரும்.

நேரம்: ஒரு நாளைக்கு 10 முதல் 15 நிமிடம், வாரத்துக்கு ஐந்தாறு நாள். பழைய அட்டைகள் 2 நிமிடம், புது எழுத்து 3 நிமிடம், சொற்கள் 5 நிமிடம், மீதி நேரம் நீங்கள் கதை வாசிக்கக் குழந்தை கேட்பது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காருவதை விடத் தினமும் பத்து நிமிடம் மேல். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று புது எழுத்து போதும்.

ப, ட, ம

'அ'வின் வடிவம் சிறு கைக்கும் கண்ணுக்கும் கடினமானது. 'ஐ', 'ஔ' இன்னும் கடினம், பயனும் குறைவு. மேலும் தமிழில் உயிரெழுத்து சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். ஆகவே பன்னிரண்டையும் முதலிலேயே முடிக்கத் தேவையில்லை.

நேர்கோடுகளாலான ட, ப, அவற்றோடு ம. இந்த மூன்றில் தொடங்குங்கள். மூன்றும் தெரிந்ததும் ம், ட், ப் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம். அடுத்த வாரம் அ, ஆ இரண்டையும் கொடுத்தால் அப்பம், ஆப்பம், ஆட்டம். இரண்டே வாரத்தில் ஏழு சொல் வாசிக்கும் குழந்தைக்கு இந்த வேலை என்னவென்று புரிந்துவிடும்.

அடுத்து க, த, ர, ல, வ: பக்கம், மரம், கடல், பல், கல், வட்டம். பிறகு ந, ன, ண, ச, ய: நகம், வயல், மணல், கண், சக்கரம். ள, ழ, ற கடைசியில். 'ங'வையும் 'ஞ'வையும் தனி எழுத்தாக ஆரம்பத்தில் காட்டவே வேண்டாம். இன்றைய வாசிப்பில் 'ங' தனியாக வருவது மிக அரிது, 'ங்க' என்று ஜோடியாகத்தான் எங்கும் வருகிறது.

எழுத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், ஒலியைச் சொல்லுங்கள். பாட்டி தாத்தா வாயில் 'கானா', 'பானா', 'மாவன்னா' என்று வரும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் "பானா டானா இம்மன்னா" என்பதிலிருந்து 'படம்' என்ற சொல்லை ஐந்து வயதுக் குழந்தை கண்டுபிடிப்பது கடினம். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி ப, ட, ம என்றே சொல்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒலிகளைச் சேர்க்கும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. "ப" என்று சொல்லி மூச்சு விட்டு "ட" என்றால் இரண்டும் ஒட்டாது. அட்டையின் அடியில் விரலை இழுத்துக்கொண்டே, குரலையும் விடாமல் "மாாா-டு" என்று வர வேண்டும். முதலில் நீங்கள் இழுங்கள், அடுத்து சேர்ந்து இழுங்கள், பிறகு குழந்தை தனியே. இழுத்த பிறகு "வேகமா சொல்லு" என்று கேளுங்கள். "மாடு!" என்று முகம் மலரும் அந்த இடத்தில்தான் வாசிப்பு பிறக்கிறது.

'இக்', 'இம்' என்னும் தடை

தமிழ்க் குழந்தைகள் திணறுவதற்குத் தலையாய காரணம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெய்யெழுத்தைத் தனியே உச்சரிப்பது கடினம் என்பதால் முன்னால் ஒரு 'இ' போட்டு இக், இங், இச் என்று சொல்லிக்கொடுக்கிறோம். குழந்தை அந்த 'இ'யும் எழுத்தின் ஒலி என்று நம்பிவிடுகிறது. 'பால்' என்பது 'பா-இல்' ஆகிறது, 'பக்கம்' என்பது 'ப-இக்-க-இம்' ஆகிறது.

தவிர்க்கும் வழி எளிது. மெய்யைத் தனி அட்டையாகக் காட்டாதீர்கள். எப்போதும் முன் எழுத்தின் வாலாகவே காட்டுங்கள். 'ப' அட்டை, பக்கத்தில் 'ம்' அட்டை, இரண்டும் ஒட்டியபடி: பம். பிறகு முதல் அட்டையை மட்டும் மாற்றுங்கள்: டம், மம், கம், தம், வம். ஒரு வாரம் 'ம்' மட்டும். அடுத்து ல்: பல், கல், வல், தல். இழுத்துச் சொல்லக்கூடிய ம், ல், ன், ர், ய் முதலில் வரட்டும். க், ச், ட், த், ப், ற் ஆறையும் இழுக்க முடியாது. அவற்றை இரட்டையாகவே ஒரே அட்டையில் எழுதுங்கள்: க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற. 'ட்ட' என்பது ஒரே படம், ஒரே ஒலி. 'ப' + 'ட்ட' + 'ம்'.

இதே போல மெல்லினத்தோடு வரும் ஜோடிகள் ஆறும் ஆறு அட்டை: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இந்த அட்டைகளால் இன்னொரு சிக்கலும் தானாகத் தீரும். 'பக்கம்' சொல்லில் ஒரு மாதிரியும் 'தங்கம்' சொல்லில் வேறு மாதிரியும் 'காகம்' சொல்லில் இன்னும் மென்மையாகவும் 'க' ஒலிக்கிறது. குழந்தைக்கு இதை விதியாக விளக்க வேண்டியதில்லை. அட்டை ஜோடியாக இருந்தால் சரியான ஒலியோடேயே மனத்தில் பதியும். தெரிந்த சொல்லாக இருந்தால் நாக்கே திருத்திக்கொள்ளும்.

ஏற்கெனவே 'இக், இங்' பழகிவிட்ட குழந்தை என்றால் திட்ட வேண்டாம், பள்ளியில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். "அது அதன் பேரு. சொல்லுக்குள்ள வந்தா பேரைச் சொல்லாம முன்னாடி எழுத்தோட ஒட்டிக்கும்" என்று சொல்லி, ஒட்டும் விளையாட்டை இரண்டு மூன்று வாரம் விளையாடினால் பழக்கம் மாறும்.

குறிகளை எந்த வரிசையில் சொல்வது

216 உயிர்மெய்யையும் நெடுங்கணக்காகச் சொல்ல வைப்பதை விட, ஒரு குறியை எடுத்து, தெரிந்த எல்லா எழுத்துக்கும் பொருத்திப் பார்ப்பது நல்லது. ஒரு குறிக்கு ஒன்றிரண்டு வாரம். அதற்குரிய உயிரெழுத்தையும் அதே வாரத்தில் கொடுங்கள்: கால் (ா) வரும்போது ஆ, மேல்விலங்கு (ி) வரும்போது இ.

ா முதலில்: அம்மா, அப்பா, மாமா, தாத்தா, பாப்பா, காகம், பால், கால், வால். இதில் வரும் குழப்பம் காலுக்கும் 'ர'வுக்கும். 'ர'வுக்குக் கீழே சாய்ந்த சிறு கோடு உண்டு, காலுக்கு இல்லை என்று விரல் வைத்துக் காட்டுங்கள். ஆனால் சில அச்சுகளில் ர், ரி, ரீ மூன்றுக்கும் அந்தச் சாய்கோடு இருக்காது. "காலுக்கு மேல் புள்ளி இருக்கிறதே" என்று குழந்தை கேட்டால் அதன் கவனத்தைப் பாராட்டுங்கள். காலுக்குப் புள்ளியும் வராது, கொக்கியும் வராது, வந்தால் அது 'ர'தான் என்று சொன்னால் போதும்.

அடுத்து ி, ீ: பாட்டி, தம்பி, கரடி, கிளி, தீ, மீன், வீட்டின் பெயர்ப்பலகை என்று ஏராளமாகக் கிடைக்கும். டி, டீ இரண்டும் வடிவம் சற்று மாறும். அவற்றைத் தனியே காட்டிவிடுங்கள்.

உ, ஊ வரிசை

இங்கே குறி என்று தனியாக எதுவும் இல்லை. எழுத்தே உருமாறுகிறது. அதனால்தான் கண்ணாடித் தாள் உதவாது, முழு எழுத்தையும் அட்டையில் எழுத வேண்டும். பதினெட்டையும் ஒரே வாரத்தில் கொட்டினால் குழந்தை பின்வாங்கும். மூன்று குடும்பமாகப் பிரியுங்கள்.

கோடு கீழே இறங்குபவை: சு, பு, யு, வு, இவற்றோடு ஙு. ஊகாரத்தில் அந்தக் கோட்டின் அடி வளையும்: சூ, பூ, யூ, வூ. பசு, காசு, பாம்பு, கதவு, பூ.

வால் சுற்றி வலப்பக்கம் மேலே ஏறுபவை: து, நு, ணு, லு, று, னு, இவற்றோடு ஞு. ஊகாரத்துக்கு அதன் மேல் ஒரு கால் வைத்தது போல இருக்கும்: தூ, நூ, ணூ. பந்து, காது, ஆறு, தூண், நூல்.

எழுத்தோடு சேர்ந்து வளைபவை: கு, டு, மு, ரு, ழு, ளு. இந்த ஆறும் அதிகம் வருபவை, ஆறையும் ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். ஆடு, மாடு, வீடு, மூக்கு, முயல், ஏழு. ஒரு குடும்பத்துக்கு இரண்டு வாரம் கொடுங்கள். ஙு, ஞு இரண்டையும் இப்போது விட்டுவிடலாம்.

சொல்லின் கடைசியில் வரும் 'டு', 'து', 'கு' ஆகியவற்றை நீங்கள் உதட்டைக் குவித்து "மாடூ" என்று சொல்லிக்காட்டாதீர்கள். பேச்சில் வருவது போலக் குறுகலாகவே விடுங்கள்.

கொம்பு வைத்தவை

ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், ஆனால் எழுத்துக்குப் பின்னால் ஒலிக்கும். இடமிருந்து வலமாகப் பார்த்துப் பழகிய கண் இங்கே தடுமாறும். 'கடை' என்ற சொல்லைக் 'க... ஐ... ட' என்று வாசிக்கும். "கொம்பைப் பார்த்தா வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தையும் பார்த்துட்டுச் சொல்லு" என்பதே பழக்க வேண்டிய விதி. விரலைக் கொம்பின் மேல் வைக்காமல் எழுத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள். அட்டையில் கொம்பைச் சிவப்பிலும் எழுத்தைக் கறுப்பிலும் எழுதினால் முதல் சில நாட்களுக்கு உதவும். பிறகு இரண்டையும் கறுப்பாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கண் வண்ணத்தையே தேடும்.

மூன்றில் ஐகாரத்தை முதலில் எடுப்பது எங்கள் பரிந்துரை. தலை, மலை, கடை, வடை, யானை, பூனை, மழை என்று குழந்தைக்குத் தெரிந்த சொற்கள் இதில்தான் அதிகம். பிறகு ே, அதன்பின் ெ. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கலந்துவிடும். நெடில் நன்றாகப் பதிந்த பிறகு குறிலைக் கொண்டுவாருங்கள்.

ொ, ோ இரண்டும் கொம்பும் காலும் சேர்ந்தவை. இதைக் 'கெ-ர' என்று பிரித்து வாசிப்பதே பொதுவான தவறு. கொம்பும் காலும் ஓர் எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் 'ஒ' அல்லது 'ஓ' என்று காட்டுங்கள்: கோழி, தோசை, மோர், பொம்மை, கொடி. ஔகாரம் எல்லாவற்றுக்கும் கடைசி. ஔவை, மௌனம், பௌர்ணமி வந்தால் அப்போது சொன்னால் போதும். அதிலுள்ள 'ள' போன்ற துண்டை 'ள' என்றே குழந்தை வாசிக்கும், அது இயல்பு.

ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றையும் பின்னுக்குத் தள்ளலாம். குழந்தையின் பெயரில் இருந்தால் மட்டும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். தன் பெயர்தான் எந்தக் குழந்தைக்கும் முதல் வாசகம்.

பேசும் தமிழும் புத்தகத் தமிழும்

வீட்டில் 'எல', 'கொடம்', 'ஒடம்பு' என்று பேசும் குழந்தைக்குப் புத்தகம் இலை, குடம், உடம்பு என்று காட்டுகிறது. முதல் அசையில் இகரமோ உகரமோ இருந்து அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் அது எகரமாக, ஒகரமாக மாறுவது வழக்கம். சுவரில் தொங்கும் அட்டவணைகளில் 'இ - இலை', 'உ - உரல்' என்று போட்டிருப்பது இதனால்தான் உதவுவதில்லை. குழந்தையின் காதில் அது 'எ', 'ஒ'. உரலைப் பல குழந்தைகள் பார்த்தும் இருக்காது. இகரத்துக்கு இட்லி, உகரத்துக்கு உப்பு என்று வையுங்கள். பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாக இருப்பவை இவை.

முதல் மூன்று மாதச் சொற்களையும் இந்தச் சல்லடையில் போட்டு எடுங்கள். மாடு, பாட்டி, தட்டு, காது, பூ போன்றவை தேறும். நீர், குடை, மூன்று, நேற்று பிறகு வரட்டும்.

பிறகு வரும்போது குழந்தை 'பால்' என்பதைப் 'பாலு' என்றும் 'மூன்று' என்பதை 'மூணு' என்றும் 'காற்று' என்பதைக் 'காத்து' என்றும் வாசித்தால் அது தவறே அல்ல. பொருள் புரிந்து வாசித்திருக்கிறது என்று அர்த்தம். "ஆமா, மூணுதான். எழுத்தில் எப்படி இருக்கு பார்" என்று சொல்லி, விரலை வைத்து ஒருமுறை மூன்று என்று வாசித்துக் காட்டிவிட்டு மேலே போங்கள். ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தித் திருத்தினால் குழந்தை பொருளை விட்டுவிட்டு உங்கள் முகத்தை வாசிக்கத் தொடங்கும்.

எழுத்துத் தமிழைக் காதுக்குப் பழக்கும் வழி ஒன்றுதான்: தினமும் நீங்கள் உரக்க வாசிப்பது. 'வந்துட்டான்' என்று மாற்றிச் சொல்லாமல் புத்தகத்தில் உள்ளபடி 'வந்துவிட்டான்' என்றே வாசியுங்கள். சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ வளரும் குழந்தைகளுக்கு இது இன்னும் அவசியம். காதில் விழாத சொல்லை எழுத்துக்கூட்டி உச்சரித்தாலும் அது வாசிப்பு ஆகாது.

ல, ள, ழ மூன்றையும் பெரியவர்களே பல ஊர்களில் ஒன்றாகத்தான் சொல்கிறோம். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசிக்கும் குழந்தையை வாசிப்பு நேரத்தில் நாக்கு மடக்கப் பழக்க வேண்டாம், உச்சரிப்புப் பயிற்சியை வேறு நேரத்தில் விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ண, ன, ந மூன்றுக்கும் ஓர் எளிய கைப்பிடி: ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன், த-வுக்கு முன்னால் ந். வண்டி, கன்று, பந்து. சுழிகளை எண்ண வைப்பதை விட இந்த ஜோடிகள் மனத்தில் நிற்கும்.

ஊகமா, வாசிப்பா

பிடித்த கதையைப் பத்து முறை கேட்ட குழந்தை பக்கத்தைத் திருப்பித் திருப்பிச் சரளமாகச் சொல்லும். அது நல்லதுதான், ஆனால் எழுத்தைப் பார்க்கிறதா என்று தெரிய வேண்டும். படத்தைக் கையால் மறையுங்கள். அல்லது அதே வாக்கியத்தைச் சிலேட்டில் ஒரு சொல் மாற்றி எழுதுங்கள்: 'மாடு வந்தது' என்பதை 'மாமா வந்தது' என்று. குழந்தை நின்று சிரித்தால் வாசிக்கிறது. பழையபடியே சொன்னால் நினைவிலிருந்து சொல்கிறது.

எழுதுவதை வாசிப்போடு கட்டிப்போடாதீர்கள். ஐந்து வயது விரல்களுக்குப் பென்சிலைப் பிடித்துப் பத்துமுறை 'ஞ' எழுதும் வலு இருக்காது. வாசிப்பு எழுதுவதை விட ஆறு மாதம் முந்திப் போகட்டும். எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவது ஆறு வயது வரை சாதாரணம்.

நீளச் சொற்கள்

எல்லாக் குறியும் தெரிந்த பிறகும் ஓரிடத்தில் வண்டி நிற்கும். 'மரம்', 'வீடு' என்று வாசித்த குழந்தை 'வீட்டிலிருந்து', 'வந்துகொண்டிருந்தது' என்பதைப் பார்த்ததும் மலைத்துவிடும். தமிழில் சொல்லோடு சொல் ஒட்டி நீள்வதால் இந்தக் கட்டம் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. இதற்குப் படிக்கட்டு எழுதுங்கள்.

வீடு
வீட்டில்
வீட்டிலிருந்து

மரம்
மரத்தில்
மரத்திலிருந்து

வா
வந்தான்
வந்துகொண்டிருந்தான்

மேலிருந்து கீழாக வாசிக்கட்டும், பிறகு கீழ்ப்படியை மட்டும் தனியே. சொல் ஒட்டும்போது அடி மாறுகிறது (வீடு - வீட்டு, மரம் - மரத்து, ஆறு - ஆற்று) என்பதைப் பேச்சிலேயே குழந்தை அறிந்திருக்கிறது. கண்ணுக்குத்தான் புதிது. அடிக்கடி வரும் வால்களைத் தனி அட்டையாக்குங்கள்: -கள், -இல், -க்கு, -உடன், -இருந்து, -கிறான், -கிறாள், -கிறது. புத்தகத்தில் நீளச் சொல் வந்தால் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுப் பிரியுங்கள்: வந்து|கொண்டு|இருந்தது என்று நீங்கள் பிரித்துச் சொல்லலாம், அச்சில் உள்ளதை வந்து|கொண்டி|ருந்தது என்று பார்க்கட்டும்.

வரியின் முடிவில் சொல்லை உடைத்து, எந்தக் குறியும் இல்லாமல் மீதியை அடுத்த வரியில் போடும் புத்தகங்கள் தமிழில் நிறைய. முதல் ஆண்டுக்கு அவை வேண்டாம். வாங்கும்போது நாலு பக்கம் புரட்டிப் பாருங்கள்: எழுத்து பெரிதா, பக்கத்துக்கு ஒன்று இரண்டு வரிதானா, சொல் உடையாமல் இருக்கிறதா. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் வந்தவை. பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம்.

பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் திணறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம், அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். சரியான அளவில் உள்ள நாலைந்து வரியை மூன்று நாள் தொடர்ந்து வாசிக்கட்டும். முதல் நாள் எழுத்துக்கூட்டும், மூன்றாம் நாள் பேசுவது போல வரும். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் ஐந்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள். பிறகும் வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள். அப்போதும் வராவிட்டால் சொல்லையே சொல்லிவிட்டு வாக்கியத்தை மறுபடி தொடக்கத்திலிருந்து வாசிக்க வையுங்கள்.

வீட்டில் தாத்தா பாட்டி காலத்துச் சிறுவர் புத்தகம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற பதின்மூன்று எழுத்துகள் வேறு வடிவத்தில் இருந்தன. லை, ளை, னை, ணை நான்கிலும் கொம்புக்குப் பதில் மேலே துதிக்கை போல வளைவு இருக்கும். புது வடிவம் உறுதியாகும்வரை அவற்றை நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

நகராவிட்டால்

பெரும்பாலான குழந்தைகள் இந்த வேகத்தில் எட்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் எளிய கதையை வாசிக்கும். நடுவில் மூன்று நான்கு வாரம் ஒன்றுமே நகராதது போலத் தோன்றும் காலம் வரும். அப்போது புது எழுத்தை நிறுத்திவிட்டுத் தெரிந்ததை வைத்தே விளையாடுங்கள். பேருந்தின் ஊர்ப்பலகை, கடைப் பெயர், மளிகைப் பட்டியல் எல்லாம் பாடம்தான்.

ஒழுங்காக ஓராண்டு சொல்லிக்கொடுத்தும், ஏழு வயதாகியும் நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று புதிதாக இருந்தால், அல்லது எழுத்து தெரிந்தும் இரண்டைச் சேர்க்கவே முடியவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா எனும் கற்றல் சிக்கல் இருக்கிறதா என்று பரிசோதிக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே இயங்குகிறது. மற்ற ஊர்களில் குழந்தைகள் நல மருத்துவர் வழியாகச் சிறப்புக் கல்வியாளரை அணுகலாம். அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சோம்பேறித்தனமும் அல்ல. எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு சுலபமாக வேறு வழியில் சொல்லிக்கொடுக்க முடியும், அதுவரைக்கும் உரக்க வாசித்துக் காட்டும் நேரத்தை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.